இன்னும் நாலு பாயிண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டென்னிஸ் ஃபைனலைப் பாதியில் நிறுத்தினார்கள். மழை இல்லை. இருட்டவில்லை. யாருக்கும் கால் பிசகவில்லை. சிறப்பு விருந்தினருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது... அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்துக்கு அம்பயர் நான்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். பெண்கள் டென்னிஸ். ஜனவரியில் மெல்போர்ன், மே கடைசியில் பாரீஸ், ஜூலையில் விம்பிள்டன், அப்புறம் நியூயார்க் — எனக்கு வருஷம் என்றால் இந்த நாலு ஊர்தான். எங்கள் தெருவே கிரிக்கெட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது நான் டிவி முன்னால் உட்கார்ந்து, ‘செகண்ட் சர்வை இப்படியா போடுவாய்?’ என்று ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருப்பேன். ரேங்கிங்கில் முதல் இருபது பேரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாருக்குத் தோள்பட்டை வலி, யார் கோச்சை மாற்றினார், யாருக்குக் களிமண் தரை ஆகாது... எல்லாம் அத்துபடி.

பாரீஸில் இரவு ஆட்டங்களை ஆண்களுக்கே கொடுக்கிறார்கள், பெண்களை மத்தியான வெயிலில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட விடுகிறார்கள் என்று இதே பக்கத்தில் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். ‘சரியான சாட்டையடி’ என்று ஒருவர்.

சாட்டையாவது, அடியாவது. கேளுங்கள்.

எங்கள் இராஜபாளையத்தில் ஒரு கிளப். அதில் ஒரு களிமண் கோர்ட். வருஷா வருஷம் டோர்னமெண்ட். இந்த வருஷம் பெரிய மனசு பண்ணிப் பெண்களுக்கும் ஒற்றையர் ஆட்டம் வைத்தார்கள். ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். யார் முதலில் எட்டு கேம் எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி; ஒரு கேமுக்குக் குறைந்தது நாலு பாயிண்ட். ‘இவருக்குத்தான் பொம்பளை டென்னிஸ் எல்லாம் தெரியும்’ என்று என்னை அந்த உயர நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். எனக்கும் பெருமைதான். மறைப்பானேன்?

ஃபைனலுக்கு வந்த இருவரில் ஒருவர் மும்தாஜ் டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூடக் காம்பவுண்டுச் சுவரில் பந்தடித்தே ஆட்டம் பழகியவர். செமிஃபைனல் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எட்டுப் புள்ளைக ஆடுது சார். எல்லாம் சுவத்துலதான் அடிக்குதுக. கிரவுண்டு ஓரத்துல ஒரு சிமெண்டுத் தரை, ஒரு நெட்டு, அம்புட்டுதான் கேட்டேன். தாளாளர் என்ன சொல்லுதாரு தெரியுமா? ‘மொதல்ல நீங்க ஒரு கப்பு ஜெயிச்சிட்டு வாங்க டீச்சர், பொறவு பாப்போம்’ங்காரு.”

“ஜெயிச்சிட்டா?”

“எல்லா டீச்சர் முன்னாலயும் சொல்லிருக்காரு சார். மாத்திப் பேச முடியாதுல்லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ராக்கெட் பிடியைச் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஃபைனல். எதிரில் ரமா. இங்கே ஒரு பேங்கில் ஆபீசர், நல்ல ஃபோர்ஹேண்ட். இரண்டு பேரும் மூன்றரைக்கே வந்து, ஓடி, குனிந்து, பந்தடித்து, வியர்த்துத் தயாராகிவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கவில்லை. ஏன்? முதல் பந்தைச் சிறப்பு விருந்தினர்தான் அடிக்க வேண்டுமாம். அவர் ஒரு மில் முதலாளி. நாலு மணி என்றால் ஐந்தே காலுக்கு வந்தார். கேட்டு வாசலில் மாலை. மேடையில் பொன்னாடை. அவருக்கு ஒன்று, கூட வந்தவருக்கு ஒன்று, கூட வந்தவரின் கூட வந்தவருக்கு ஒன்று. அப்புறம் பேச்சு. ‘பெண்கள் இன்று எல்லாத் துறையிலும்...’ அந்தப் பேச்சுத்தான், உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். அந்தப் பெண்கள் இரண்டு பேரும் உடம்பு ஆறிப்போய், கையைக் கட்டிக்கொண்டு நெட்டுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்புறம் அவர் லெதர் ஷூவோடு கோர்ட்டில் இறங்கிப் பந்தை அடித்தார். நெட்டில். இன்னொரு தடவை. நெட்டில். மூன்றாவது பந்து பின்பக்க வேலியைத் தாண்டிப் போயிற்று. போட்டோகிராஃபர் ‘ஓகே சார்’ என்றார். கைதட்டல்.

ஐந்து நாற்பதுக்கு ஆட்டம். ரமா மளமளவென்று ஐந்து-இரண்டு என்று போய்விட்டார். டீச்சர் அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டார். பந்தை அறைகிறவர் இல்லை அவர். வெட்டி வெட்டி, நெட்டுக்கு அந்தப் பக்கம் செத்த பந்தாகப் போட்டு, ரமாவை முன்னும் பின்னும் ஓட விட்டார். ஐந்து-ஐந்து. ஆறு-ஆறு. ஏழு-ஆறு, மும்தாஜ் முன்னிலை. நான் எத்தனையோ ஃபைனல் பார்த்திருக்கிறேன். ஸ்கோர் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஆட்டத்தைத்தான்.

பக்கம் மாறும் இடைவேளை. நாற்காலிக்குக் கீழே கிளப் செயலாளர் சங்கரன் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, எறங்குங்க. ஐயாவுக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

“ஒரு கேம்தான்யா பாக்கி.”

“ஒரு கேம்னுதான் சொல்லுவீய. டியூஸ், டியூஸ்னு சமமாவே இழுத்தா? ஒங்க டியூஸுக்கு ரயில் நிக்குமா?”

“அவரு போகட்டும். கப்பை நீரு குடும்.”

“கப்பு வாங்கிக் குடுத்ததே அவியதான். அவிய கையால குடுக்காம நான் குடுக்கவா? வெவரம் தெரியாத ஆளு மாதிரிப் பேசாதீய. டாஸ் போட்டு முடிச்சிருவோம்.”

மும்தாஜ் டீச்சர் அதற்குள் பந்தோடு சர்வ் போடப் பின்கோட்டில் போய் நின்றுவிட்டார். அவருக்கும் இது காதில் விழுந்தது.

“இன்னும் நாலு பாயிண்ட்தான் சார்,” என்றார். கெஞ்சவில்லை. உள்ளதைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

ரமாவும் வந்தார். “அவங்கதான சார் லீட்ல இருக்காங்க? டாஸ் என்னத்துக்கு? செத்த நேரத்துல ஆடி முடிச்சிருதோம்.”

“டாஸ்னா ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கும்லாம்மா?” என்றார் சங்கரன். பொதுவாம்!

விம்பிள்டனில் ராஜ குடும்பத்தார் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பாயிண்ட் வரை அசைய மாட்டார்கள். மழை வந்தால் கூரையை மூடுவார்கள், இருட்டினால் விளக்கைப் போடுவார்கள், ஆட்டம் முடியாமல் கப்பை வெளியே எடுக்க மாட்டார்கள். அந்த உயர நாற்காலியில் இருப்பவர் ‘ப்ளீஸ்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அரங்கமே வாயை மூடும். நானும் அதே மாதிரி நாற்காலியில்தான் இருந்தேன். என்ன செய்தேன்?

இறங்கினேன்.

என் அக்கா மகன் அந்த முதலாளியின் மில்லில் சூப்பர்வைசர். யாரும் அதைச் சொல்லி என்னை மிரட்டவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது.

காசைச் சுண்டினார்கள். ரமாவுக்கு விழுந்தது. கப்பை வாங்கும்போது அவர் முகம் கப்பு வாங்குகிறவர் முகமாக இல்லை. டீச்சருக்கு ஒரு ஹாட்பாக்ஸ். எனக்கும் ஒரு பொன்னாடை. ‘நடுநிலை தவறாத நடுவர்’ என்று மைக்கில் சொல்லிப் போர்த்தினார்கள். போர்த்திக்கொண்டேன்.

அத்தோடு முடியவில்லை. பேப்பருக்குக் கொடுக்கும் தாளைச் சங்கரன் நீட்டினார். “டாஸ்ல ஜெயிச்சதுன்னு போட்டா கேவலமா இருக்கும் அண்ணாச்சி. எட்டு-ஏழுன்னு போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

போட்டேன்.

மறுநாள் பேப்பரில் படம். நடுவில் முதலாளி. ஓரத்தில் பாதி ரமா. மும்தாஜ் டீச்சர் இல்லவே இல்லை. கீழே ‘எட்டுக்கு ஏழு என்ற கேம் கணக்கில்’ என்று என் பொய் அச்சாகியிருந்தது.

புதன்கிழமை டீச்சர் போன் பண்ணினார். ரமா பேங்கில் லீவு சொல்லிவிட்டு, ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், கப்பைத் தாளாளர் மேஜையில் வைத்திருக்கிறார். ‘இது இவங்களுக்குச் சேர வேண்டியது சார்’ என்றிருக்கிறார். தாளாளர் கப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: ‘கப்பு கடையிலயும் கெடைக்கும்மா. பேப்பர்ல எட்டு-ஏழுன்னு போட்டிருக்கே? அம்பயர் பொய்யா எழுதுவாரு?’

“சார், அந்த எட்டு-ஏழு... நீங்க எழுதினதா?” என்று கேட்டார் டீச்சர்.

“ஆமா டீச்சர்.”

பின்னால் எங்கேயோ சுவரில் பந்து அடிபடுகிற சத்தம் கேட்டது.

“சரி சார்,” என்று வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

பாரீஸைத் திட்டுவதற்குத் தைரியம் வேண்டாம் என்று இப்போது தெரிகிறது. பாரீஸ்காரன் என் அக்கா மகனுக்குச் சீட்டுக் கிழிக்க மாட்டான். நம் கோபமெல்லாம் அப்படித்தான் — எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சத்தமாக இருக்கும்.

தாளாளர் ஐயா, நீங்கள் இந்தப் பத்தியைப் படிக்கிறவர் என்று டீச்சர் முன்பே சொல்லியிருக்கிறார். அதனால் அம்பயர் எழுதுகிறேன். ஸ்கோர் ஏழு-ஆறு. முன்னிலை மும்தாஜ் டீச்சர். சர்வீஸும் அவருடையது. ஆட்டம் முடியவில்லை, முடிக்க விடவில்லை. எட்டு-ஏழு என்பது பொய். அதை எழுதியதும் இதே கைதான். இனி அந்தப் பிள்ளைகளுக்கு நெட்டுக் கட்டுவதும் கட்டாததும் உங்கள் யோக்கியதை. என் யோக்கியதை ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அப்புறம், ஸ்டேஷனில் விசாரித்தேன். அன்றைக்கு ரயில் நாற்பது நிமிஷம் லேட்.