அரண்மனை வாசலில் ஒரு வேட்டி

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை மைசூர் போய் வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறேன் என்று மனைவியின் நச்சரிப்பு தாங்கவில்லை. வங்கியில் முப்பது வருடம் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். ஆள் உள்ளே நுழையும்போதே எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

சத்தியமங்கலத்தில் காலை ஆறரைக்குப் பேருந்து. திம்பம் வளைவுகளில் பின்சீட்டு வேண்டாம், குடல் வாய்க்கு வந்துவிடும். சுமார் 130 கிலோமீட்டர். பதினொன்றுக்கு மைசூரில் இறங்கினேன். அரண்மனைக்கு ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடந்தால் பதினைந்து நிமிடம்தான், நடந்துவிட்டேன்.

உள்ளே செருப்புடன் விடமாட்டார்கள். வெளியே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அங்கே நல்ல கூட்டம். ஓரமாக, மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் நின்றிருந்தார். யோசிக்கவே இல்லை. ஷூவைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு டோக்கனுக்குக் கை நீட்டினேன். அவர் வரிசையில் நின்று, அதைக் கொடுத்து, டோக்கன் வாங்கி வந்து தந்தார். கூடவே தன் செருப்பையும் கொடுத்திருந்தார். அவரும் சுற்றிப் பார்க்க வந்தவர்தான்.

வெட்கமாகப் போய்விட்டது. தமிழில் மன்னிப்புக் கேட்டேன், அவரும் தமிழிலேயே பேசினார். கர்நாடக எல்லையோரம் கௌதள்ளியில் மஞ்சள் விவசாயம். மகள் மைசூரில் நர்ஸ். அவள் விரும்பும் பையனின் பெற்றோர், இருவரும் ஆசிரியர்கள், பன்னிரண்டரைக்கு அங்கே வருகிறார்கள். முதல் சந்திப்பு. மகள் பேன்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வேட்டிதான் கட்டுவேன் என்று இவர் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

"நீங்க பார்த்ததே போதுங்க. அவிங்களும் இப்படித்தானுங்களே பார்ப்பாங்க" என்றார். கோபம் இல்லை. கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். மாற்றாதீர்கள், வேட்டியிலேயே அவர்களைப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வழியைக் காட்டினேன்.

தர்பார் மண்டபம் பிரமாதம். ஆனால் மனம் ஒட்டவில்லை. ஒன்றரைக்கு வெளியே வந்தபோது மரத்தடியில் அவர்களைப் பார்த்தேன். பையனின் அப்பா, அந்த ஆசிரியர், பளிச்சென்று வேட்டி கட்டி வந்திருந்தார். பெண் வீட்டார் விவசாயக் குடும்பம் என்பதற்காகவே கட்டியிருப்பார் போல. நம் ஆள் புதுப் பேன்ட்டின் இடுப்பை இழுத்துவிட்டபடி நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: நுழைவுச்சீட்டு 120 ரூபாய். பத்து மணிக்கே போனால் கூட்டம் குறைவு. செருப்பை வாங்கி வைப்பவர்கள் தடுப்புக்கு உள்ளே இருப்பார்கள். வெளியே நிற்பவர்கள் எல்லோரும் உங்களைப் போல வந்தவர்கள்தான்.