கரண்டிப் பெட்டிக்குள் இருந்த வெள்ளி விரல்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சங்கத் தலைவர்கள் சொல்வதை நம்பக்கூடாது என்று எனக்கும் தெரியும். சிட்னியின் பென்டில் ஹில்லில் நானே ஒரு தமிழ்ச் சங்கத்தின் தலைவர்தான். ஆனாலும் இதை நம்புங்கள். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

கடற்கரைப் பக்கம் பொண்டாயில், ரூத் என்ற வயதான பெண்மணி முதியோர் இல்லம் போகப் போகிறார் என்று உறவினர்கள் அவர் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். நான் வாங்கிய கரண்டிப் பெட்டியின் அடியில் அது கிடந்தது. ஒரு சாண் நீள வெள்ளிக் கோல். நுனியில் ஒரு சின்னக் கை, சுட்டுவிரலை நீட்டியபடி. யூதர்கள் தங்கள் வேதச் சுருளைக் கை படாமல் வாசிக்க வைத்திருக்கும் கோல் என்று இணையத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

காரணம் விஜயதசமி. அந்த ஞாயிறு எங்கள் மண்டபத்தில் ஏடு தொடக்கல். பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கும் தலைவரிடம் ஒரு பரம்பரைச் சொத்து இருந்தால் எப்படி இருக்கும்! ‘தலைவரின் பூட்டனார் ஏடு வாசித்த வெள்ளிக் கோலால்’ என்று அழைப்பிதழில் போட்டேன்.

“உங்கட பூட்டனார் கைநாட்டு எண்டு மாமி சொன்னவா,” என்றாள் மனைவி தனேஸ்வரி.

“நீர் சும்மா இரும்.”

பிடியில் அந்நிய எழுத்தில் ஏதோ பொறித்திருந்தது. ஹரிஸ் பார்க் நகைக்கடையில், அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூட்டனாரின் பெயரைப் போடச் சொன்னேன். கடைக்காரர் மதுரைக்காரர். தயங்கினார்.

“சார், யாரோ பேரு மாதிரி தெரியுது. அழிச்சா திரும்ப வராது.”

“பரவாயில்லை, அழியுங்கோ.”

சனி மாலை 6.52. கோலைக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தேன். உள்ளே இருந்து…

டிக்… டிக்… டிக்…

சின்னச் சுத்தியலால் தட்டுவது போல. கதவைத் திறந்தேன். நின்றது. பூட்டனாரின் படத்தை நோக்கி வைத்த விரல், என் கதிரையை நோக்கி இருந்தது. திருப்பி வைத்தேன்.

7.10. டிக்… டிக்… மறுபடி என்னை நோக்கி.

வேறு கதிரையில் போய் இருந்தேன்.

7.15. விரலும் மாறியிருந்தது.

“தனேஸ், நீர் தொட்டனீரோ?”

“நான் ஏன் தொடுறன்? அதுக்கும் ஆளைத் தெரிஞ்சிட்டுது போல.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை 10.20. மண்டபத்தில் எண்பது பேர். பூட்டனாரின் புலமையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசி முடித்திருந்தேன். முதல் பிள்ளை, சயந்தினியின் மகள் மிருணாளினி. மூன்று வயது. கோலை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையை நான் பிடித்தேன். சயந்தினி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே நின்றாள்.

கோல் இழுத்தது.

இடப்பக்கம் வைத்த விரல் வலப்பக்கம் போனது. அங்கிருந்து இடப்பக்கமாக எழுதத் தொடங்கியது…

“அங்கிள், நீங்கள் விடுங்கோ. அந்த அக்கா பிடிக்கிறா.”

“எந்த அக்கா?”

“கை குளிருது…”

ஒரு எழுத்து.

இரண்டு.

மூன்று. ‘அ’ இல்லை. தமிழே இல்லை.

முன்வரிசையில் யாரோ எழுந்து எட்டிப் பார்த்தார். என் பயம் பேயைப் பற்றியதல்ல. பூட்டனாரைப் பற்றியது. உள்ளங்கையால் அரிசியைப் பரப்பி எல்லாவற்றையும் அழித்தேன். நானே பெரிதாக ஒரு ‘அ’ எழுதினேன். கை தட்டினார்கள்.

பிள்ளை மட்டும் என்னைப் பார்த்தாள்.

“அங்கிள்… அந்த அக்கா ஃபினிஷ் பண்ணேல்ல.”

புதன்கிழமை கோலையும், அரிசியில் அந்த மூன்று எழுத்தும் தெரிய சயந்தினி எடுத்து அனுப்பிய படத்தையும் கொண்டு ரூத்திடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோலின் பிடியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அவருடைய தகப்பனார் வெள்ளி வேலைக்காரர். சிட்னிக்கு வந்தபின் செய்த முதல் பொருள் இதுதானாம். நுனியில் இருப்பது அவருடைய மூத்த மகளின் கை. நினைவில் வைத்துச் செய்தது. ரூத் பிறப்பதற்கு முன்பே, ஐரோப்பாவில், யுத்தத்தில் கொல்லப்பட்ட பிள்ளை. அவர்களிடமும் மூன்று வயதில்தான் எழுத்துத் தொடங்குவார்களாம். அதற்கு நாள் குறித்திருந்த வாரம்தான் படையினர் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்களாம்.

“அவளுக்குக் கல்லறை இல்லை. பெயர் இந்தப் பிடியில் மட்டும்தான் இருந்தது,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். “ரிவ்கா.”

பிறகு படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தார்.

“இது அவள் பெயர்தான். ஆனால், அதில் நான்கு எழுத்து. கடைசி எழுத்து எங்கே?”

என் உள்ளங்கையை மடக்கிக்கொண்டேன்.