வராதவளின் இடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது, பாதி விஷயம் மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெருக்குழாயைத் திறந்ததும் தண்ணீருக்குப் பதில் "புஸ்ஸு" என்று காற்று சீறியதே, அந்தச் சத்தம் மட்டும் இன்றைக்கும் காதில் அப்படியே இருக்கிறது.

என் அக்கா கமலாவுக்கு நர்ஸ் ஆக வேண்டுமென்று ஒரே வெறி. செஞ்சியில் எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி ஆசைப்பட்டதில்லை. அந்தப் படிப்புக்கு ஆள் எடுப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், அதுவும் விழுப்புரத்தில். எங்கள் நைனாவோ சகுனம் பார்க்காமல் வாசற்படி தாண்டமாட்டார். முதல் வருஷம் பூனை குறுக்கே ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார், பஸ் போய்விட்டது. மறுவருஷம் வாசலில் எதிரே வந்த யாரோ தும்மினார்கள். "இன்னொரு தபா தடங்கல் வந்துச்சின்னா கல்யாணந்தான்" என்று மூன்றாம் வருஷம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அக்கா அழவில்லை. "பூனை அது வேலைய பாக்குது, நாம நம்ம வேலைய பாப்போம்டி" என்று என்னிடம் ஒரு திட்டம் சொன்னாள். அவளும் நைனாவும் புறப்படும்போது நான் தெருமுனையிலிருந்து நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும். நைனாவுக்கு அதைவிட நல்ல சகுனம் கிடையாது. நாலு பேர் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்ளும் எனக்கு இது பெரிய வேலைதான், ஆனாலும் உள்ளுக்குள் அப்படியொரு குஷி! விடிந்ததும் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குழாயில் காற்றுதான் வந்தது. அதற்குள் அவர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். காலிக் குடத்தை நைனா கண்டால் அக்காவின் படிப்பு அன்றோடு முடிந்தது, ஒளியவும் இடமில்லை. எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, குடத்தை இடுப்பில் ஏற்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, கனம் தாங்காதவள்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

"இன்னாடி, காத்த ரொப்பினு போற?" என்று குழாயடியில் நின்ற முனியம்மா அத்தை கத்தினாள். நல்லவேளை, நைனாவுக்குக் காது மந்தம்.

"நம்ம சின்னது நெறகொடத்தோட வருது பாரு!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? "ஒரு வாய் தண்ணி ஊத்தும்மா" என்று கையைக் குவித்துக்கொண்டு கிட்டே வந்தார். நான் குடத்தைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பஸ்ஸு வந்துட்ச்சி நைனா!" என்று அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அரை மணி கழித்துத்தான் பஸ் வந்ததாம்.

அங்கே இருபது பேரைத்தான் எடுப்பார்களாம். மார்க் வரிசையில் அக்கா இருபத்தோராவது. ஆனால் வரிசையில் முன்னால் இருந்த ஒருத்தி வரவில்லை. மூன்று முறை அவள் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள்!

சாயங்காலம் வந்தவள் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். "உனுக்கு அதிஷ்டம்டி" என்றாள் அம்மா. "அதிஷ்டம் வந்தப்போ நானும் அங்க நின்னுனு இருந்தேன் இல்ல?" என்று அக்கா வெடுக்கென்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினாளோ, கணக்கே இல்லை.

இன்று நைனா இல்லை, அந்தக் குழாயடியும் இல்லை, தண்ணீர் கேனில் வருகிறது. என் பேத்தி போனிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டு, எதிரே யார் வருகிறார்கள் என்றுகூடப் பாராமல் வண்டியில் பறக்கிறாள்.

ஒன்றை மட்டும் யாராவது விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள். அன்று வராத பெண் அனந்தபுரத்துக்காரி என்று அக்கா சொன்னதாக ஞாபகம், தளவானூராகவும் இருக்கலாம். இப்போது அவளுக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். வீட்டிலிருந்து புறப்பட்டவளை எது திருப்பி அனுப்பியதோ? அடுத்த வருஷமாவது போய்ச் சேர்ந்தாளா?