கடைசி சீட் வரைக்கும்

என் தங்கை ரோண்டாவுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வண்டியில் ஏறினாலும், இறங்குவதற்கு முன் பின்கோடிவரை நடந்து ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்ப்பாள். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். தூங்கிப்போன பிள்ளையை உள்ளே விட்டுப் பூட்டிவிடக் கூடாது என்பது அவர்கள் வேலையில் முதல் விதி. ரிட்டயரான பிறகும் பழக்கம் போகவில்லை. என் காரில்கூட பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். "என் மளிகைப் பைதான்டி தூங்குது, வா!" என்று கத்துவேன்.

இந்த மார்ச்சில் அவளும் அவள் புருஷன் டுவேனும் வீட்டை விற்றுவிட்டார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார் வீடு ஒன்றைப் பழையதாக வாங்கி அதிலேயே குடியிருக்கத் திட்டம். மரம் அறுக்கும் ஆலையில் முப்பது வருஷம் தூசி தின்று டுவேனுக்கு நுரையீரல் பாழ். ஓரிகன் மழையை விட்டு அரிசோனா வெயிலுக்குப் போனால் மூச்சு கொஞ்சம் லேசாகும் என்றார் டாக்டர். வண்டிக்குள் ஈரமோ பூஞ்சையோ இருந்தால் மட்டும் ஆளைத் தீர்த்துவிடும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுத்தாக வேண்டும். செவ்வாய் வந்தும் வண்டி அமையவில்லை. ரோண்டாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டுவேனையும் என்னையும் இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள்.

முதல் ஆள், வண்டி எப்போதும் கொட்டகையில் நின்றது என்று விளம்பரம் கொடுத்திருந்தான். போனால் கூரை முழுக்கப் பாசி.

"கொட்டகை எங்கப்பா?" என்றேன்.

"போன மாசம் காத்துல போயிடுச்சு மேடம்."

இரண்டாமவன் வாசலில் சிரித்தபடி நின்றான். ரோண்டா நேரே போய் இன்ஜின் மூடியில் கை வைத்தாள். இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டியை நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான், படுபாவி.

"ஏன் சுடுது?"

"வெயில்ல நின்னுச்சு மேடம்."

சொல்லும்போதே அவன் மூக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

மூன்றாவது ஆள் வெண்டல். வெள்ளைத்தாடி, தேன் ஒழுகும் பேச்சு. "வாங்கம்மா, நனையாதீங்க" என்று பட்டைத்தூள் போட்ட கேக்கை நீட்டினார். அந்த மழையிலும் வண்டியின் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, உள்ளே எலுமிச்சை வாசனை ஆளைத் தூக்கியது. எனக்கு அப்பவே உறுத்தியது. ஆனால் ரோண்டா அந்தக் குட்டி அடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"கட்டில்ல படுத்துப் பாக்கறேன்" என்று பின்னறைக்குப் போனான் டுவேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "அருமையா இருக்கு ரோண்டா! கையெழுத்துப் போட்டுடு!"

வெண்டல் காகிதத்தை விரித்தார். ரோண்டா பேனாவை எடுத்தாள், அப்புறம் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள்.

வழக்கம்போலச் சீட்டுக்கு அடியில், மேஜைக்கு அடியில் என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். பின்னறைக் கதவைத் திறந்தாள். டுவேன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தான். இருமல் வெளியே கேட்காமலிருக்க ஜாக்கெட்டைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தான். உதடு நீலம் பூத்திருந்தது, கையில் மூச்சு மருந்துக் குப்பி.

ரோண்டா மெத்தையைப் புரட்டினாள். அடிப்பலகை பூஞ்சை பிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. விரலால் அழுத்தினாள். நனைந்த ரொட்டிபோல உள்ளே போனது.

"அடடா, நேத்துகூட இது இல்லையே!" என்றார் வெண்டல்.

"அப்போ ராத்திரியோட ராத்திரியா வளந்துடுச்சு போல, பாவம்!" என்றேன். இன்னும் நாலு வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. டுவேனைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டியிருந்ததால் விட்டேன்.

காரில் அவனுக்கு மூச்சு திரும்பியதும்தான் ரோண்டா வெடித்தாள்.

"அவனுங்க யாரோ எவரோ, பொய் சொல்றானுங்க. நீ சொல்லலாமா?"

"அந்த அடுப்பு உனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு" என்றான் டுவேன். "என்னால இதுவும் போயிடுமேன்னு..."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு பிள்ளையகூட நான் பஸ்ல விட்டுட்டு வந்ததில்ல. உன்னை விட்டுட்டு அந்த அடுப்பு ஒண்ணுதான் கேடா எனக்கு!"

ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் என் வீட்டு ஹாலில் படுத்தார்கள். சனிக்கிழமை நாலாவது வண்டி பார்க்கப் போனோம். ஏறுவதற்கு முன் ரோண்டா டுவேன் காலரைப் பிடித்தாள். "இருமல் வந்தா இருமு. அடக்கினே, தொலைச்சுடுவேன்."

டுவேன் பின்னறைக்குப் போனான். விற்கிற பெண்மணி பேட்டரியைப் பற்றி நிறுத்தாமல் பேசினாள். "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றாள் ரோண்டா. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இருமல் சத்தமே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு! நிஜமாவே!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

ரோண்டா நம்பவில்லை. எழுந்து, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தபடி பின்பக்கம் நடந்தாள்.