ஆணா பெண்ணா என்று தெரியாத பறவை

எத்தாளையில் எங்கள் வீட்டில் ஒரு பறவை ஆணா பெண்ணா என்று முடிவெடுக்க ஒரு பகல் முழுவதும் போனது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதைக் கண்டெடுத்தவள் நான்தான். பெருங்காற்று ஓய்ந்த காலையில், கடற்கரை மணலில் வெள்ளைவெளேரென்று கிடந்தது. நடக்கத் தெரியாமல் நெஞ்சைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தது. வால் மட்டும் என் கை நீளம், நாடா போல.

வாப்பா பார்த்தார். "இது ஆழ்கடல்லயே எப்பயாச்சும் ஒண்டுதான் கண்ணுல படும். கரைக்கு வந்தத நான் கண்டதில்ல. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு தோணியில கொண்டு போய் விட்டுடுவன்."

அதற்குள் சாச்சிக்குக் காட்ட வேண்டும். உம்மாவின் தங்கை அவர், புருஷனை இழந்தவர்கள் மறைந்திருக்கும் இத்தாவில் அப்போது இருந்தார். தோணி கவிழ்ந்து சாச்சா மௌத்தாகி ஒரு மாதம். கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவருடைய மையித்துகூடக் கரை ஒதுங்கவில்லை. அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளறையிலேயே கிடந்த சாச்சி, நான் சொன்னதும், "கொண்டு வா புள்ள, பார்ப்பம்" என்றார். அந்த ஒரு மாதத்தில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

வாசலில் மாமி மறித்தார். வாப்பாவின் அக்கா, சேவல் கூவினாலும் அந்த அறை யன்னலைச் சாத்துகிறவர்.

"ஆம்புளப் பறவையா இருந்தா? இத்தா முறிஞ்சிடும்."

"பொம்புளதான் மாமி."

"நீ கண்டியா?"

மயிலில் ஆணுக்குத்தானே நீள வால் என்று உம்மாவும் மாமி பக்கம் சாய்ந்தார். முட்டையிட்டால் தெரிந்துவிடும், பொறுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரி. நான் தூக்கி வந்த ஓலைக் கடகத்துக்குள் பறவை கண்ணை மூடி மூடித் திறந்தது. கடைசியில், அசர் தொழவைக்கப் போன லெப்பையை வேலியில் மறித்துக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பறவைக்கெல்லாம் இத்தாவில தடையில்ல. காட்டுங்க."

அப்போதும் மாமி அதன் தலையில் ஒரு துணியைப் போட்டு மூடித்தான் உள்ளே விட்டார்.

சாச்சி துணியை எடுத்துவிட்டு, அதை இரண்டு கையாலும் தூக்கினார்.

"இது எந்தப் பக்கத்தால வந்த?"

"கடல் பக்கத்தாலதான். வாலப் பாருங்க சாச்சி."

"தண்ணியில இறங்கி இறங்கித்தான் வருமா?"

"எனக்குத் தெரியா. வாலப் பாருங்களேன்!"

அவர் அதன் நெஞ்சு இறகில் முகத்தை வைத்து முகர்ந்தார், வெகுநேரம். உப்பும் மீன் வெடிலும் தவிர அதில் என்ன இருக்கும்? பகல் முழுவதும் மாமியோடு மல்லுக்கட்டியவள் நான். அந்த வாலை ஒரு தரம் பார்த்தால்தான் என்ன என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.