ஞாயிற்றுக்கிழமைக் கறி

லண்டனில் இருக்கும் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, ஒரு ஞாயிறு காலையில் வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்: "இஞ்ச பாரும் பிள்ளை, அங்க சனம் இப்பவும் ஞாயிறு எண்டால் இறைச்சி காய்ச்சி, குடும்பமா இருந்து சாப்பிடுதுகளோ? இல்லாட்டி எல்லாரும் கடைச் சாப்பாட்டுக்கு மாறிட்டுதுகளோ?"

அங்கே வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஞாயிறு மத்தியானம் ஒன்றுகூடி, அடுப்பில் வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவது வழக்கமாம். இப்போது அது குறைந்துபோய்விட்டதென்று மச்சாளின் வேலையிடத்தில் ஒரே கவலையாம். அந்தக் கவலையை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து என் தலையில் வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை.

"மச்சாள், நீங்கள் ஒருக்கா ஞாயிறு விடிய எங்கட சந்திக்கு வந்து பாருங்கோ. பிறகு கதையுங்கோ" என்றேன்.

எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஸ்கந்தபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலிருக்கும் ஏழு வீடுகள் சேர்ந்து ஆடு வாங்கி, ஞாயிறு விடியப் பங்கு போடுகிறோம். வாழையிலைகளை விரித்து ஏழு குவியல். ஒவ்வொரு குவியலிலும் தசை கொஞ்சம், எலும்பு கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு இருந்தே ஆகவேண்டும். ஈரல் துண்டு சிறுத்துப்போனால் ஏழு வீட்டு ஆண்களும் சட்டசபை மாதிரி நின்று வாதாடுவார்கள். என் கணவர் பங்கைக் கொண்டுவந்து குசினியில் வைக்கும்போது நான் தேங்காய்ப்பால் பிழிந்து முடித்திருப்பேன்.

இந்த வழக்கத்தைக் குழப்ப எத்தனையோ வந்து பார்த்தன. கோழிக்கடை வந்தது. பிள்ளைகளுக்கு ஞாயிறும் டியூசன் வந்தது. மூத்தவளின் டியூசன் முடிய ஒரு மணியாகிவிடும் என்றார்கள். சரி, சோறு ஒன்றரைக்கு என்று நான் சொல்லிவிட்டேன். டியூசன் வாத்தியார் ஒரு மணிக்கு மேல் இழுத்தால், நானே சைக்கிளில் போய் வாசலில் நிற்பேன். இரண்டு தடவை நின்றிருக்கிறேன். மூன்றாம் தடவைக்கு அவர் இடம் வைக்கவில்லை.

என் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும். நான் யாழ்ப்பாணத்து வழிவந்த இந்த வீட்டுக்குப் பிறத்தி. என் அப்பாவின் ஆட்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து ஓமந்தைக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறியவர்கள். என் கணவர் அந்தப் பக்கம் அறுவடைக்கு உழவு இயந்திரம் கொண்டுவந்தார். வந்தவர் நெல்லோடு என்னையும் கொண்டுபோய்விட்டார் என்று என் தம்பி இன்றும் பகிடி பண்ணுவான்.

கலியாணம் முடிந்து வந்த முதல் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை, மாமி, அதாவது என் கணவரின் தாயார், குசினி வாசலில் நின்று கேட்டார்: "பிள்ளை, இண்டைக்கு என்ன கறி காய்ச்சுவம்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஆட்களுக்குக் கறி என்றால் இறைச்சி. வேறு ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் குழம்பு, பொரியல், கூட்டு. இங்கே கத்தரிக்காயும் கறி, பூசணிக்காயும் கறி, பருப்பும் கறி. "வெள்ளிக்கிழமையுமா மாமி?" என்று நான் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். மாமி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும். அன்று பின்னேரத்துக்குள் கதை ஒழுங்கை முழுவதும் போய்விட்டது. நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தச் சொல்லை அதன்பிறகு ஒருநாளும் பிழையாக விளங்கியதில்லை.

அப்பாவின் விடயம் அப்படியில்லை. கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், மாமி அவரை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்தார். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு பஸ் மாறி வந்தார். பூசணி, கத்தரிக்காய், பருப்பு, வாழைக்காய் என்று நாலு வகை வைத்திருந்தோம், அப்பளமும் பாயாசமும் வேறு. நான்தான் பரிமாறினேன். அப்பா நாலு வாய் சாப்பிட்டார். தலையை நிமிர்த்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அந்த நேரத்தில் பஸ்ஸே கிடையாது.

அதன்பிறகு பன்னிரண்டு வருடம் அவர் ஞாயிற்றுக்கிழமையில் என் வீட்டுக்கு வரவில்லை. மற்றக் கிழமை நாளில் வருவார். முருங்கைக்காய் கொண்டுவருவார், தேத்தண்ணீர் குடிப்பார், பேத்திகளின் கன்னத்தைக் கிள்ளுவார், போய்விடுவார். சாப்பிடச் சொன்னால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார். வீட்டில் எல்லாரும் ஞாயிறு மேசையில் இருக்கும்போது எனக்கு அவருடைய நினைவுதான். ஒரு ஞாயிறு அப்பா என் கையால் வயிறாரச் சாப்பிடவேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை. மாமி ஏதோ சொல்லி அவர் மனதை நோகடித்துவிட்டார் என்று நம்பினேன். கேட்டுச் சண்டை பிடிக்க வாய் வரவில்லை, உள்ளுக்குள் திட்டினேன். பன்னிரண்டு வருடமும் திட்டினேன்.

லண்டன் மச்சாள் அந்தக் கேள்வியைக் கேட்ட ஞாயிறுதான் முடிச்சு அவிழ்ந்தது. மாமி போனுக்குள் தலையை நீட்டி, தன் மகளுக்குத் தன் கணக்கில் பதில் சொன்னார். "ஞாயிறு சாப்பாட்டுக்கு இந்த வீட்டில என்னடி குறை? சம்பந்தியை முதல் முதல் கூப்பிட்டதே ஞாயிறுதானே. கறியும் சோறும் சாப்பிடலாம், வாங்கோ எண்டு நானே போனில சொன்னனான். ஆவணி ஞாயிறு, விரதம். எண்டாலும் நாலு கறி வைச்சனாங்கள்."

கையிலிருந்த அகப்பையை அப்படியே வைத்துவிட்டேன். கறியும் சோறும். என் அப்பாவிடம்! இரண்டு பஸ் மாறி, வேட்டி கட்டிக்கொண்டு, ஆட்டுக்கறிக்கு வந்த மனுசனுக்குப் பூசணிக்காய். ஆவணி மாதத்து ஞாயிறுகளில் இங்கே விரதம் பிடிப்பார்கள் என்று அப்பாவுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. தங்களைக் குறைவாக நினைத்துத்தான் இப்படிச் செய்தார்கள் என்று எண்ணியிருப்பார். மாமியும் பாவம், அப்பாவும் பாவம், இடையில் ஒரு சொல் கிடந்து பன்னிரண்டு வருடத்தைத் தின்றிருக்கிறது என்று நினைத்தேன். இதைக் கண்டுபிடித்த கெட்டித்தனத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். அவரோடு கதைக்கும்போது என் நாக்கு தானாகவே பழைய வீட்டுக்குப் போய்விடும்.

"அப்பா, அன்னைக்குக் கறிச்சோறுன்னு நம்பி வந்து ஏமாந்துட்டீங்கதானே?"

"என்னைக்கு தாயி?"

நான் விளக்கினேன்.  அப்பா இருமல் வரும்வரைக்கும் சிரித்தார். "அடிப்பாவி, அதையா இத்தனை நாளா நெனச்சிக்கிட்டு இருக்க?"

"வார ஞாயித்துக்கெழமை வாங்க. ஆட்டுக்கறி. இது நம்ம கறி."

"சரி தாயி, வாரேன்" என்றார். அந்தச் சிரிப்பை என் கண்டுபிடிப்புக்கு ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை முழுவதும் நான் நிலத்தில் நடக்கவில்லை. மாமிக்கு நானாகவே முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அவருக்கு ஏனென்று விளங்கவில்லை, ஆனாலும் காலை நீட்டினார். ஞாயிறு விடிய என் கணவரிடம் சொன்னேன்: "இஞ்சருங்கோ, ஈரல் துண்டு சின்னனா இருந்தால் அந்தப் பங்கை எடுக்காதேங்கோ." மனுசன் சண்டை பிடித்துப் பெரிய துண்டாகவே கொண்டுவந்தார். கறித்தூளை அன்றைக்கே புதிதாக வறுத்து இடித்தேன். கறியில் பாதியை இங்கத்தைய முறையில் தேங்காய்ப்பால் விட்டுப் பிரட்டலாக்கினேன், மற்றப் பாதியை அப்பாவுக்குப் பிடித்தமாதிரி மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தேன். இரண்டும் நன்றாக வந்தன. என் கைக்கு ஒருநாளும் பிழைக்காது.

அப்பா பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். ஒன்றரைக்கு எல்லாரும் மேசையில். அப்பா, என் கணவர், மாமி, இரண்டு பிள்ளைகள், வழமையான நாலு கதிரையோடு அப்பாவுக்காக வாசலிலிருந்து எடுத்துப் போட்ட ஐந்தாவது கதிரை. நான் அப்பாவின் தட்டில் சோறு போட்டு, கறியை அள்ளி வைத்து, ஈரல் துண்டை மேலே வைத்தேன். வைத்துக்கொண்டே கறிக் கதையை எல்லாருக்கும் சொன்னேன். என் கணவருக்குப் புரையேறிவிட்டது. மாமி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சம்பந்தி, பூசணிக்காயைப் பாத்து என்ன நினைச்சிருப்பியள்" என்றார். பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் வெற்றியோடு அப்பாவைப் பார்த்தேன்.

அவர் சோற்றில் கைவைக்கவில்லை.

"நீ சாப்பிடலியா தாயி?"

"நீங்க சாப்பிடுங்கப்பா. நான் அப்பறம் சாப்பிட்டுக்குவேன்."

"அன்னைக்கும் இதத்தான் சொன்ன" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "அன்னைக்குத்தான் கறி இல்லையேப்பா" என்றேன்.

"கறி கெடக்குது. கறி இல்லாட்டி நான் செத்தா போயிருவேன்? கறின்னு சொல்லிப் பூசணிக்கா போட்டாங்களேன்னு எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு." அவர் மாமியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தே பேசினார். "நீ செவுத்தோட நின்னுக்கிட்டு இருந்த. எல்லாரும் உக்காந்து முடிஞ்சும் நீ உக்காரல. தோட்டத்து லயத்துல இருந்தப்ப ஒங்கம்மாவும் நானும் ஒண்ணாத்தான் மலைக்கு வேலைக்குப் போனோம், ஒண்ணாத்தான் எறங்குனோம். வட்டமா உக்காந்து எல்லாரும் ஒண்ணாத் திம்போம். ஒன்னைய விட்டுட்டு நாங்க ஒருநாளும் தின்னது இல்ல. எம்புள்ள நிக்கிறா, நான் உக்காந்து திங்கிறேன். அது எறங்கல தாயி. அவ்வளவுதான்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சினேன், ஏன் இந்த மனுசன் இதைப் போய் இப்போது சொல்கிறார் என்ற கோபம். பிறகு வெட்கம் வந்தது. குடும்பமாக இருந்து சாப்பிடுகிறோம் என்று லண்டனுக்கு வாய்கிழியச் சொன்னவள் நான். அந்த மேசையில் எனக்கு ஒரு கதிரை இல்லை என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் போட்டு, எல்லாருடைய தட்டையும் எடுத்து, குசினிக்குள் நின்றபடி சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவேன். ஒருவரும் என்னை நில் என்று சொன்னதில்லை. அதை யாரும் சொல்லத் தேவையில்லாதபடி நான் நின்றேன்.

 மாமிதான் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, இந்த வீட்டுக்குக் கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து நானும் நிண்டுதான் சாப்பிட்டனான். முழங்கால் போன பிறகுதான் எனக்குக் கதிரை கிடைச்சது. என்னை இரு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. நானும் இவளுக்குச் சொல்லேல்லை."

என் கணவர் எழுந்தார். "இரும்" என்றார். தன் கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டு, குசினிக்குள் போய் முக்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்கு இருக்கத் தெரியவில்லை. கையில் அகப்பையோடு நின்றேன். மூத்தவள் அதை வாங்கி வைத்தாள். நான் கதிரையில் இருந்தேன்.

மாமி கையை மேசையில் ஊன்றி எழுந்தார். "இருங்கோ மாமி, நான் போடுறன்" என்று எழும்பப் போனேன். "பேசாமல் இரு பிள்ளை" என்று அதட்டினார். சோற்றை வைத்து, குழம்பை விட்டு, சட்டிக்குள் தேடி நல்ல தசையாக நாலு துண்டு எடுத்து வைத்தார். குழம்பு மேசைவிரிப்பில் சிந்தியது. அவர் அதைத் துடைக்கவுமில்லை.

அப்பா காத்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைப் பிசைந்து முதல் வாயை வைத்தேன். நாக்குச் சுட்டது. என் கையால் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமைக் கறியைப் பன்னிரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் சூட்டோடு சாப்பிட்டேன். அதன்பிறகுதான் அப்பா தன் தட்டில் கைவைத்தார்.