சாக்குக் கட்டிய ஹீட் பம்ப்

எண்பதுகளில் பாடன் என்ற குளிர்நாட்டு ஊரில் ஒரு வீட்டின் கீழறையில் தனியாக வாடகைக்கு இருந்தேன். மேலே வீட்டுக்காரரும் மனைவியும். குளிர் தொடங்குமுன் முற்றத்து ஹீட் பம்பைச் சுற்றிக் கிடக்கும் இலைகளை அள்ளுவது என் பொறுப்பு. வெளிக்காற்றிலிருந்து சூடெடுத்து வீட்டுக்குள் அனுப்பும் இயந்திரம் அது.

முதல் வருடம் இலை அள்ளியதோடு நிற்காமல் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் மாரி வந்தால் தண்ணீர் இறைக்கிற மிசினைச் சாக்கால் மூடிக் கட்டுவோம். அதே பழக்கத்தில் இதையும் இரண்டு உருளைக்கிழங்குச் சாக்குகளால் இறுக்கிக் கட்டினேன். "நனையாமல் நில், நான் போறன்" என்றும் சொன்னேன். அன்று முழுக்க நான் கதைத்தது அவ்வளவுதான்.

அன்றிரவே குளிர் இறங்கிவிட்டது. மறுநாள் காலை வீடு விறைத்துக் கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் இயந்திரம் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் என் கதவைத் தட்டிக் கத்தினார். பாதி விளங்காமல் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். வெளியே வந்து சாக்குகளைக் கண்டதும் மனிதர் சிரித்துவிட்டார். மேலே கூட்டிப்போய்க் கோப்பி தந்தார்கள்.

அடுத்த வருடம் எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். இயந்திரம் ஒரு நாளும் நிற்கவில்லை. குளிர்காலம் முடியும்வரை என் கதவை யாரும் தட்டவில்லை.

மறுபடி கட்டிவிட்டால் என்ன என்று, அந்தக் குளிரில் சாக்குகளோடு இரண்டு தரம் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றிருக்கிறேன்.